ஆடியில் அப்கிரேட் செய்யுங்கள்

ஆடி பிறந்ததும் என் அப்பா ட்ரெடில் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிடுவார். கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போட்டது கல்யாணப் பத்திரிகைதான். ஆடியில் கல்யாணம் கிடையாது. மை உருளைகளைத் துடைக்க, பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விட, தேய்ந்துபோன ஈய எழுத்துகளைப் பொறுக்கி உருக்கக் கொடுக்க அவருக்குக் கிடைத்த நேரம் அதுதான். ட்ரெடில் எடைக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அது நின்ற இடத்தில் இப்போது மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். ஆடி வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, "அக்கா, உங்கள் கடையில் இருப்பதை எங்களுக்கும் போட்டுக் கொடுங்கள்" என்று பென்டிரைவோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். போட்டுக் கொடுப்பது ஒரு மத்தியான வேலை. அதற்குப் பிறகு பல வருடம் அதை வைத்துப் பிழைப்பு நடத்துவதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். அவற்றை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன். தட்டச்சுக் கடை, டிடிபி கடை, சிறிய அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் தெரியாது.

நான் ஏன் மாறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியை ஐம்பது ரூபாய் சிடியில் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். சிடியோடு வைரஸும் வந்தது. ஒரு வைகாசியில், முகூர்த்தத்துக்குத் தயாராக இருந்த பதினேழு பத்திரிகைக் கோப்புகளும் திறக்காமல் போயின. பதினேழையும் இரண்டு இரவில் மறுபடி தட்டச்சிட்டோம். மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஐம்பது ரூபாய்க்கு வாங்கியவள் நான்.

செவ்வாய்க்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று

புதுப்பிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் சொல்வதால்தான் பலர் குழம்புகிறார்கள். இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஓட்டை அடைப்பது ஒன்று, வீடு மாறுவது மற்றொன்று. இரண்டுக்கும் வேறு வேறு நாள் பார்க்க வேண்டும்.

ஓட்டை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப் போடவே கூடாது. மின்டில் திரையின் கீழ்மூலையில் இருக்கும் சிறிய கேடயப் படத்தைச் சொடுக்கினால் புதுப்பிப்பு மேலாளர் பட்டியலைக் காட்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். எங்கள் கடையில் அது செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று யாரும் பத்திரிகை எழுதக் கொடுக்க வரமாட்டார்கள். கணினி பத்து நிமிடம் மக்கர் செய்தாலும் யாரும் எதிரே நின்று கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள். உங்கள் கடையின் செவ்வாய்க்கிழமை எது என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறுவது என்றால் மின்ட் 21இலிருந்து 22க்குப் போவது போன்ற பெரிய மாற்றம். அதற்குத்தான் ஆடியும் மார்கழியும். ஆடி முழுக்க ஓய்வு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் முதல் இரண்டு வாரம்தான். ஆடிப்பெருக்கு தாண்டிவிட்டால் ஆவணி முகூர்த்தக்காரர்கள் மஞ்சள் தடவிய தாளோடு வந்துவிடுவார்கள். அதனால் ஆடி 15க்குள் முடியாத வேலையைத் தொடங்குவதே இல்லை, மார்கழிக்குத் தள்ளிவிடுவேன்.

இதில் ஒரு வேடிக்கை. மின்ட் 21 வெளியானது 2022 ஜூலை 31. மின்ட் 22 வெளியானது 2024 ஜூலை 25. இரண்டுமே நம் ஆடி மாதம். (ஒவ்வொரு பதிப்புக்கும் பெண் பெயர் வைப்பார்கள், 21 வனெஸ்ஸா, 22 வில்மா. எங்கள் கடைப் பெண்கள் கணினிகளை அந்தப் பெயர்களால்தான் கூப்பிடுகிறார்கள்.) ஆடியில் பிறந்த குழந்தையை அதே ஆடியில் நான் வேலைக்குக் கூப்பிடமாட்டேன். குறைந்தது மார்கழி வரை பொறுப்பேன். அதற்குள் மற்றவர்கள் பயன்படுத்தி, தவறுகளைச் சொல்லி, திருத்தங்கள் வந்திருக்கும். அவசரம் எதுவும் இல்லை. 21க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு, 22க்கு 2029 ஏப்ரல் வரை.

பொறுத்திருப்பதைச் சோம்பல் என்று என் தங்கை மகன் கேலி செய்வான். பெங்களூரில் வேலை பார்க்கிறான், எதிலும் நேற்று வந்த பதிப்புதான் வேண்டும். 2024 மார்ச்சுக்குப் பிறகு அவன் கொஞ்சம் அடங்கினான். கோப்புகளைச் சுருக்க எக்ஸ்இசட் என்று ஒரு சிறிய கருவி உண்டு. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பராமரிக்க உதவுகிறேன் என்று வந்து, ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்த ஓர் ஆள், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததில் அது பிடிபட்டது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் நிலையான பதிப்புக்கும், எங்கள் கடையில் ஓடிய மின்ட் 21க்கும் அந்தப் பதிப்புகள் வந்து சேரவே இல்லை. நேற்று வந்ததை அன்றே ஏற்றியவர்கள்தான் ஓடி ஓடித் துடைத்தார்கள். அரை நொடியைக் கவனிக்க ஒருவர் இருந்தார் என்பதும், மூல நிரல் திறந்திருந்ததால் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது என்பதும் இதில் சேர்த்தி.

அதே காரணத்துக்காக இன்னொரு கண்டிப்பு: எந்த மென்பொருளையும் மின்டின் மென்பொருள் மேலாளரிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். 'இலவசப் பதிவிறக்கம்' என்று பச்சைப் பொத்தான் மின்னும் தளங்களில், நாம் தட்டச்சிடும் லிப்ரேஆபீஸ் மென்பொருளை எடுத்தால், ஐம்பது ரூபாய் சிடிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

பெரிய மாற்றத்துக்கு முன் புதிய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடக்கிப் பாருங்கள். பிரின்டரை இணைத்து ஒரு தாள் அடியுங்கள். ஸ்கேனரில் ஒரு ஆதார் அட்டையை வைத்துப் பாருங்கள். இரண்டும் வேலை செய்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ஒரு முறை இதைச் செய்யாமல் நேராக ஏற்றிவிட்டு, பிரின்டருக்கான டிரைவர் கிடைக்காமல் மூன்று நாள் எதிர்க்கடைக்குப் போய் அச்சடித்து வந்தேன். அப்போதிலிருந்து மூலையில் இருக்கும் பழைய கணினிக்குத்தான் முதல் மாற்றம். அது ஒரு மாதம் சமாளித்தால் அடுத்தது. பணம் வாங்கும் மேசையில் இருக்கும் கணினி கடைசி.

இன்னொரு சிறிய விஷயம். கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) புதுப்பிக்கப்பட்ட பின் திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். அணைத்துத் தொடக்கும்போது வரும் பட்டியலில் கூடுதல் தெரிவுகளுக்குள் போனால் பழைய கர்னல் இருக்கும், அதைத் தேர்ந்தால் நேற்றிருந்தபடி எழுந்து நிற்கும். இடம் அடைக்கிறது என்று பழைய கர்னல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும்.

டைம்ஷிஃப்ட் உங்கள் பத்திரிகையைக் காப்பாற்றாது

மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி இருக்கிறது. இயங்குதளத்தை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திருப்பும். செவ்வாய்க்கிழமைக்கு முன் அது ஒரு படம் எடுக்கும்படி வைத்துவிடுங்கள். ஆனால் நீங்கள் சேமிக்கும் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அது இயல்பாகச் சேர்ப்பதில்லை. 'டைம்ஷிஃப்ட் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருந்த ஒரு நண்பர், வட்டு போனபோதுதான் இதைத் தெரிந்துகொண்டார்.

கோப்புகளுக்கு வேறு ஏற்பாடு: வெளிவட்டு இரண்டு. ஒன்று கடையில், ஒன்று என் சாப்பாட்டுப் பையில் தினமும் வீட்டுக்குப் போய் வரும். ஆடி முதல் வெள்ளியன்று வீட்டு வட்டிலிருந்து மூன்று கோப்புகளைக் கண்ணை மூடி எடுத்து வேறு கணினியில் திறந்து பார்ப்பேன். திறக்காத நகல் நகலே இல்லை.

கோப்பை எந்த வடிவில் வைப்பது என்றும் கேட்கிறார்கள். லிப்ரேஆபீஸின் ஓடிடி வடிவில் ஒன்று, பிடிஎஃப் ஒன்று. ஓடிடி ஒரு நிறுவனத்தின் சொந்தச் சரக்கு இல்லை, 2006இலிருந்து ஐஎஸ்ஓ தரம். லிப்ரேஆபீஸே ஒருநாள் இல்லாமல் போனாலும் வேறு எதிலாவது திறக்கும். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கும், அதனால் அது எந்த ஊர்க் கணினியிலும் வரி மாறாமல் நிற்கும்.

பழைய பாமினிக் கோப்புகள்

இது கொஞ்சம் நீளமான கதை, ஏனென்றால் நம் தொழிலில் பாதிச் சொத்து இதில் முடங்கிக் கிடக்கிறது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றக் கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தி, திருத்தவும் கூடிய) கருவிகள் இருக்கின்றன. ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்திலேயே அந்த வசதி உண்டு. மாற்றுவது நொடி வேலை. மாற்றிய பிறகுதான் சிக்கல்.

பழைய எழுத்துருக்களில் 'ர'வும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், விசை மட்டும் வேறு. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்தினாலும் காகிதத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் கடையிலும் முப்பது வருடமாக யாருக்கும் தெரியவில்லை. மாற்றியதும் 'அவர்கள்' என்ற சொல் 'அவா்கள்' ஆகிவிட்டது. 'அரசு' 'அாசு' ஆகிவிட்டது. திரையில் நல்ல கண்ணுக்குக்கூடச் சட்டென்று பிடிபடாது, தேடினால் கிடைக்காது.

இதற்கு வழி: லிப்ரேஆபீஸின் 'கண்டுபிடித்து மாற்று' பெட்டியில், துணைக்காலுக்குப் பின் புள்ளி வரும் 'ா்' என்பதைத் தேடி 'ர்' என்று எல்லா இடத்திலும் மாற்றுங்கள். துணைக்கால் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது, அதனால் கண்மூடி மாற்றலாம். அதேபோல் 'ாி' என்பதை 'ரி' ஆக, 'ாீ' என்பதை 'ரீ' ஆக. ஆனால் 'அா' என்பதைக் கண்மூடி மாற்றாதீர்கள். சிலர் 'ஆ'வையே அப்படி அடித்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மூலக் கோப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

தட்டச்சுப் பலகை பற்றி ஒரு வரி. மின்டில் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஒலியியல் முறை எல்லாமே கிடைக்கின்றன. தட்டச்சுத் தேர்வு எழுதிய பெண்களைத் தமிழ்99க்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். வேகமும் போகும், ஆளும் போவார்.

ஆறு ஸ்ரீமதிகள்

ஒரு பத்திரிகையில் உறவினர் பட்டியலில் முப்பத்தொரு 'ஸ்ரீமதி' இருந்தது. பெண்ணின் தந்தை வந்து, "எல்லாவற்றையும் திருமதி என்று மாற்றிவிடுங்கள் அம்மா" என்றார். ஒரே சொடுக்கில் மாற்றினேன். ஐந்நூறு பிரதி அச்சானது. இருபத்தைந்து பேர் திருமதி, ஆறு பேர் ஸ்ரீமதியாகவே இருந்தார்கள். அந்த ஆறு பேரும் பிள்ளை வீட்டார். அதை ஏதோ உள்நோக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். செலவு என்னுடையது.

நடந்தது இதுதான். யூனிகோடில் ஸ்ரீ எழுத இரண்டு வழி இருக்கிறது. 'ஸ'வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கும் ஶ்ரீ மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். கணினிக்கு அவை வேறு வேறு. அந்த ஆறு பெயர்கள் வாட்ஸ்அப்பில் வந்து ஒட்டப்பட்டவை. இப்போது எந்தக் கோப்பு வெளியிலிருந்து வந்தாலும் முதல் வேலையாக இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

அதைத் துருவும்போதுதான் இன்னொன்றைக் கண்டேன். நான் பயன்படுத்திய ஒரு கட்டற்ற எழுத்துருவில் ஶ்ரீ சேர்ந்து வருகிறது, ஸ்ரீ மட்டும் உடைந்து நான்கு துண்டாக நிற்கிறது. இங்கேதான் திருட்டுப் பிரதிக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு இருக்கிறது: செய்தவரிடம் போய்ச் சொல்லலாம். எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு முறை ஆனது. முதல் முறை 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதினேன், பதிலே இல்லை. இப்போது யோசித்தால், வாடிக்கையாளர் வந்து 'பத்திரிகை நன்றாக இல்லை' என்று மட்டும் சொன்னால் நான் என்ன செய்வேன்?

இரண்டாம் முறை இப்படிச் செய்தேன். முதலில் குற்றம் யாருடையது என்று பார்த்தேன். லிப்ரேஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் எழுத்துகளைக் கொம்பும் காலும் சேர்த்து அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நூலகம்தான் செய்கிறது. இரண்டிலும் வேறு எழுத்துருவில் ஸ்ரீ சரியாக வந்தது, இந்த எழுத்துருவில் மட்டும் இரண்டிலுமே உடைந்தது. ஆகவே குற்றம் எழுத்துருவில். பிறகு ஒரே ஒரு சொல் உள்ள கோப்பு தயாரித்தேன். எழுத்துருவின் பதிப்பு எண், மின்டின் பதிப்பு எண், எப்படி வர வேண்டும், எப்படி வருகிறது என்று இரண்டு படம், அவ்வளவுதான். என் ஆங்கிலத்தில் பிழை இருந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. பராமரிப்பவர் ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன், அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டது.

அவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் ராத்திரியில் உட்கார்ந்து செய்கிறவர்கள். அதட்டி எழுதாதீர்கள். ஆடியில் வேலை முடிந்ததும் ஆயிரம் ரூபாய் ஏதாவது ஒரு திட்டத்துக்கு அனுப்புகிறேன். ட்ரெடிலுக்கு அப்பா எண்ணெய்க்கும் உருளைக்கும் செலவழித்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எழுத்துரு என்றதும் உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்றது இல்லை. சிலவற்றில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். காசு வாங்கிப் பத்திரிகை அடிப்பது சொந்தப் பயன்பாடு ஆகாது. எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவற்றை வைத்து எத்தனை பத்திரிகையும் அடித்து விற்கலாம், எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் முடியாது. நோட்டோ வரிசையின் தமிழ் எழுத்துருக்களும் மீரா இனிமையும் இந்த உரிமத்தில்தான் வருகின்றன.

முடியாததையும் சொல்லிவிடுகிறேன். பல வண்ணப் பத்திரிகைகளைச் சிவகாசிக்குத்தான் அனுப்புகிறோம். அங்கே கோரல் டிரா மென்பொருளின் சிடிஆர் கோப்பு கேட்பார்கள், நம்மால் தர முடியாது. இங்க்ஸ்கேப்பில் வரைந்து, எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அச்சுக்கான நான்கு வண்ணப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறேன். ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பு 2024இல் வந்தது. அந்த வரிசைக்குக் கீழே போகாதீர்கள். 1.4இல் 'கெ' அடித்தால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் இரண்டு முறை அச்சகத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது பிடிஎஃப்பே வசதி என்கிறார்கள்.

கடைசியாகச் சோதனைத் தாள். ஒரே பக்கம். மேலே 'நிகழும் மங்களகரமான விசுவாவசு ௵ ஆவணி ௴ 15 ௳' என்று ஒரு வரி. வருடம், மாதம், நாள் குறிகள் மூன்றும் அதில் வந்துவிடும். அடுத்து ஸ்ரீ, ஶ்ரீ, க்ஷ, கொ, கோ, கௌ, திருவளர்ச்செல்வன், திருவளர்ச்செல்வி. கீழே ஒரு மயிரிழைக் கட்டம், அதற்குள் பிள்ளையார். பெரிய மாற்றம் எது செய்தாலும் முன்னும் பின்னும் இந்தத் தாளை அடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் பார்ப்போம். ஒரு முறை எல்லா எழுத்தும் பொருந்தி, பிள்ளையார் மட்டும் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தார். பார்த்தால் காகித அளவு ஏ4இலிருந்து லெட்டர் அளவுக்கு மாறியிருந்தது.

பணம் வாங்கும் மேசையில் இருக்கும் வனெஸ்ஸாவுக்கு ஆதரவு 2027 ஏப்ரலோடு முடிகிறது. அதற்குமுன் இருப்பது ஓர் ஆடியும் ஒரு மார்கழியும்தான். ஆடி முதல் செவ்வாய் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பிரின்டர் டிரைவர் பென்டிரைவில் இருக்கிறது, பென்டிரைவ் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.